வெயில் தின்னும் குளோரின்: திறந்தவெளி வீட்டு நீச்சல் குளத்துக்கு முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரைச் சாலையின் பண்ணை வீடுகளிலும் கோவை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பு வீடுகளிலும் நீச்சல் குளம் கட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. கட்டி முடித்த முதல் கோடையிலேயே எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் வரும். காலையில் குளோரின் போட்டு டெஸ்ட் செய்தால் 3 காட்டுகிறது, சாயங்காலம் பார்த்தால் பூஜ்யம். எங்கே போகிறது? வழக்கமாகக் கிடைக்கும் பதில், "இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்க." அதைக் கேட்டு மூட்டை மூட்டையாகப் போட்டும் தண்ணீர் பச்சை பிடிக்கும் குளங்கள் ஏராளம்.

குளோரின் போவது பெரும்பாலும் வெயிலுக்கு. எவ்வளவு போகிறது என்று அளக்கலாம், பெருமளவு தடுக்கவும் செய்யலாம். அதற்குச் செலவு குறைவு, ஆனால் இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்: தண்ணீரில் உள்ள குளோரின் எவ்வளவு, அதை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் ஆசிட் எவ்வளவு. இரண்டாவது எண் தெரியாமல் முதல் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வெயில் என்ன செய்கிறது?

ஹைப்போ என்ற திரவக் குளோரின் ஊற்றினாலும் பவுடர் போட்டாலும் மாத்திரை போட்டாலும் தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம்; கிருமிகளை வேகமாகக் கொல்வது இதுதான். இன்னொன்று ஹைப்போகுளோரைட் அயனி, இது மந்தம். பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.5 வாக்கில் இரண்டும் பாதிப் பாதி. பி.எச். 8 ஆகிவிட்டால் சுமார் முக்கால் பங்கு ஹைப்போகுளோரைட்.

தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளியின் புற ஊதாப் பகுதி ஏறக்குறைய 290 நானோமீட்டரில் தொடங்குகிறது. ஹைப்போகுளோரைட் அயனி ஒளியை மிக அதிகமாக உறிஞ்சுவதும் சரியாக அந்த இடத்தில்தான், 292 நானோமீட்டர் பக்கத்தில். உறிஞ்சியதும் உடைந்து வெறும் குளோரைடாக, சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே பொருளாக, மாறிவிடும். பாதுகாப்பு எதுவும் இல்லாத குளத்தில் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக் குளோரின் காலி. இரண்டு மூன்று மணி நேரத்தில் அநேகமாக எல்லாமே போய்விடும். பி.எச். ஏறிய குளத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அழிப்பது சூடு அல்ல, புற ஊதா ஒளி. கத்திரி முடிந்துவிட்டது, இனிமேல் கவலை இல்லை என்று ஜூனில் கவனத்தைத் தளர்த்துகிறார்கள். சென்னைக்கு நேர் மேலே சூரியன் வருவது வருஷத்தில் இரண்டு முறை: ஏப்ரல் கடைசியில் ஒன்று, ஆகஸ்ட் நடுவில் ஒன்று. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். மேகம் விலகிய ஆகஸ்ட் மத்தியானம் குளோரினைப் பொறுத்தவரை கோடை நாள்தான்.

படி 1: குளத்தில் எத்தனை லிட்டர்?

இது தெரியாமல் போடும் அளவெல்லாம் குத்துமதிப்பு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 26 அடி நீளம், 13 அடி அகலம், ஆழம் ஒரு பக்கம் 4 அடி, மறுபக்கம் 6 அடி என்றால் சராசரி 5 அடி. மொத்தம் 1,690 கன அடி, அதாவது சுமார் 48,000 லிட்டர். இந்தக் கட்டுரையில் கணக்கெல்லாம் இந்தக் குளத்துக்குத்தான்; உங்கள் குளம் பாதி அளவு என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஆக இந்தக் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் ஏற்ற 48 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத ஹைப்போ என்றால் ஏறக்குறைய அரை லிட்டர். 65 சதவீத கால்சியம் ஹைப்போ தூள் என்றால் 74 கிராம். 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் 160 கிராம். மாத்திரையாகவும் தூளாகவும் வரும் 90 சதவீத டிசிசிஏ என்றால் 53 கிராம்.

படி 2: சரியான டெஸ்ட் கிட்

கடையில் மலிவாகக் கிடைக்கும் கிட்டில் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். அது மொத்தக் குளோரினைக் காட்டுகிறது. வியர்வை, சிறுநீர் போன்றவற்றோடு சேர்ந்து செயலிழந்துபோன குளோரினும் அதில் அடக்கம். மஞ்சள் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதே வேலை செய்யும் குளோரின் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். வாங்க வேண்டியது டிபிடி கிட், இளஞ்சிவப்பு நிறம் தருவது. சொட்டுகளை எண்ணி அளக்கும் டிபிடி வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை, அரை பிபிஎம் வித்தியாசம்கூடத் தெரியும்.

நிறம் பார்க்கும் டிபிடியில் ஓர் ஆபத்து உண்டு. குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டினால் அந்தச் சிவப்பே வெளுத்துப்போய்த் தண்ணீர் தெளிவாகிவிடும். பார்ப்பவர் பூஜ்யம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். மருந்து விட்டதும் ஒரு நொடி சிவப்பு மின்னி மறைந்தால் அது அதிகக் குளோரின். அப்போது நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கவைத்து மறுபடி அளக்க வேண்டும்.

சயனூரிக் ஆசிடுக்குத் தனி டெஸ்ட் உண்டு. குளத்துத் தண்ணீரையும் மருந்தையும் சம அளவில் கலந்தால் பால் போலக் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி போட்ட குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது புள்ளி மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த மட்டத்தில் இருக்கும் எண்தான் விடை. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, குழாயை இடுப்பு உயரத்தில், உங்கள் நிழலுக்குள் பிடித்துப் பாருங்கள். ஒரே கலவையைத் திருப்பி ஊற்றி இரண்டு மூன்று முறை பார்க்கலாம், தப்பில்லை.

படி 3: இரவில் ஒரு கணக்கு, பகலில் ஒரு கணக்கு

குளோரின் குறைந்தால் உடனே வெயில் மேல் பழி போட வேண்டாம். பாசியும் அதே குளோரினைத்தான் தின்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பிருந்தே. எது தின்கிறது என்று பிரித்துப் பார்க்க எளிமையான வழி இருக்கிறது.

சூரியன் முழுதாக மறைந்த பிறகு குளோரினை 4 வரைக்கும் ஏற்றி, மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரைத் திரும்பு குழாயின் (பில்டரிலிருந்து தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் வாய்) அருகே எடுக்காமல், எதிர்ப்பக்கம் முழங்கை ஆழத்தில் எடுங்கள். அன்றிரவு யாரும் குளிக்கக் கூடாது, வேறு எதுவும் போடக் கூடாது. மறுநாள் சூரியன் உதிப்பதற்கு முன் மறுபடி அளங்கள்.

இரவில் வெயில் இல்லை. ஆகவே அப்போது குறைந்ததெல்லாம் பாசி, அழுக்கு, இலை தழை கணக்கு. குறைவு 1 பிபிஎம்முக்குள் என்றால் தண்ணீர் சுத்தம். பகலில் போவது வெயிலுக்குத்தான். 4 இருந்தது விடியும்போது 1.5 ஆகியிருந்தால் சயனூரிக் ஆசிட் வாங்கக் கடைக்கு ஓடுவதில் பயனில்லை, முதலில் பாசியைத் தீர்க்க வேண்டும். சுவர், படிக்கட்டு, ஏணிக்குப் பின்புறம், விளக்குச் சட்டத்தின் இடுக்கு எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, குளோரினை அதிகமாக ஏற்றி (சயனூரிக் ஆசிட் 30 இருந்தால் 12 பிபிஎம்), அந்த அளவு இறங்க இறங்கத் திரும்ப ஏற்றிப் பிடித்துவைக்க வேண்டும். இரவுக் குறைவு 1க்குக் கீழே வரும்வரை இதை விடக் கூடாது. குளோரின் 4க்கு இறங்கும்வரை யாரையும் குளத்தில் இறங்கவிடக் கூடாது.

என் பார்வையில் இந்த வழிகாட்டியிலேயே மிக முக்கியமான படி இதுதான். செலவே இல்லாத சோதனை, ஆனால் அநேகமாக யாரும் செய்வதில்லை.

படி 4: சயனூரிக் ஆசிட், அளவோடு

ஸ்டெபிலைசர், கண்டிஷனர் என்ற பெயர்களிலும் விற்பார்கள். இது குளோரினோடு சேர்ந்து வெயிலால் எளிதில் உடையாத ஒரு பொருளாகிறது. தண்ணீரில் உள்ள குளோரினில் பெரும்பகுதியை இப்படிப் பிடித்துவைத்துக்கொண்டு, ஹைப்போகுளோரஸ் அமிலம் செலவாகச் செலவாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். மத்தியானத்துக்குள் காலியாகும் குளோரின் இதனால் மறுநாள்வரை தாங்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பிடித்துவைத்த குளோரின் கிருமியைக் கொல்லாது. சயனூரிக் ஆசிட் கூடக்கூட அதே 2 பிபிஎம் குளோரினின் வேகம் குறைந்துகொண்டே போகும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, சயனூரிக் ஆசிட் இல்லாத குளத்துக்குக் குறைந்தது 1 பிபிஎம் குளோரின், அது இருக்கும் குளத்துக்குக் குறைந்தது 2 பிபிஎம் என்று சொல்வது இதனால்தான். குளம் பராமரிப்பவர்கள் பின்பற்றும் நடைமுறை விதி இன்னும் தெளிவானது: குளோரின் எப்போதும் சயனூரிக் ஆசிடில் 7.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 30க்கு 2க்கு மேல், 40க்கு 3, 50க்கு ஏறக்குறைய 4, 100க்கு 7.5.

எவ்வளவு வைக்கலாம்? 30 முதல் 50 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் வீட்டுக் குளத்துக்கு 30 போதும் என்பேன். பூஜ்யத்திலிருந்து 30க்குப் போகும்போது கிடைக்கும் பாதுகாப்பு மிகப் பெரியது; 30லிருந்து 60க்குப் போகும்போது கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்கக் குளோரின் டப்பாக்களில் 4 பிபிஎம்முக்கு மேல் குளிக்க வேண்டாம் என்று அச்சிட்டிருப்பார்கள். மேலே 4, கீழே 2 என்ற இடைவெளிக்குள் குழந்தைகள் குளிக்கும் குளத்தை வைத்திருக்க 30தான் பொருந்துகிறது.

48,000 லிட்டருக்கு 30 பிபிஎம் என்றால் 1.44 கிலோ. முதலில் ஒரு கிலோ மட்டும் போட்டு, அளந்து பார்த்து மீதியைச் சேருங்கள். ஏற்றுவது சுலபம், இறக்குவது கஷ்டம். இது மெதுவாகத்தான் கரையும். நேராகத் தண்ணீரில் கொட்டினால் தரையில் படிந்து டைல்ஸ் இடுக்கைக் கெடுக்கும். பழைய காலுறையில் கட்டித் திரும்பு குழாய்க்கு எதிரே தொங்கவிட்டு, அவ்வப்போது கையுறை போட்டுப் பிசைந்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு பில்டரை பேக்வாஷ் செய்ய (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவ) வேண்டாம், கரையாத தூள் வெளியே போய்விடும். டெஸ்டும் ஒரு வாரம் கழித்துத்தான்.

படி 5: எந்தக் குளோரின்?

டிசிசிஏ மாத்திரை போடுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவும். வெள்ளை வட்ட மாத்திரை, ஒன்று 200 கிராம். மிதவையில் போட்டால் நாள் கணக்கில் கரையும், யாரும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. வார இறுதிக்கு மட்டும் வரும் பண்ணை வீட்டுக்காரர்களுக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் அந்த மாத்திரையின் எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் ஆசிட். நம் குளத்தில் ஒரு மாத்திரை 3.7 பிபிஎம் குளோரின் தரும், கூடவே 2.3 பிபிஎம் சயனூரிக் ஆசிடும் விட்டுப்போகும். குளோரின் செலவாகிவிடும். சயனூரிக் ஆசிட் வெயிலில் அழியாது, ஆவியாகாது. ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரினை மாத்திரையிலிருந்தே கொடுத்தால் மாதத்துக்கு 36 ஏறும். மூன்று மாதத்தில் 100 தாண்டிவிடும். அந்தக் குளத்தில் டெஸ்ட் கிட் 3 காட்டும், தண்ணீரும் பச்சையாகவே இருக்கும். "குளோரின் இருக்கு, ஆனா வேலை செய்யல" என்று சொல்லும் குளங்களில் முதலில் பார்க்க வேண்டியது சயனூரிக் ஆசிடைத்தான்.

ஆகவே, ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் மாத்திரை. மற்ற நாட்களுக்குத் திரவ ஹைப்போ. இதுதான் எங்கள் வெயிலுக்கு நல்ல ஏற்பாடு என்று நம்புகிறேன்.

ஹைப்போவில் சயனூரிக் ஆசிடும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மிஞ்சுவது கொஞ்சம் உப்பு மட்டும். ஆனால் அது தானாகவே கெட்டுப்போகும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கெடும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். மோட்டார் ரூமின் தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த கேனில் லேபிளில் 10 சதவீதம் என்று இருக்கும், உள்ளே அதில் பாதிகூட இருக்காது. சோதித்துப் பார்ப்பது எளிது. இருட்டிய பிறகு குளோரினை அளங்கள், ஒரு லிட்டர் ஹைப்போ ஊற்றுங்கள், ஒரு மணி நேரம் மோட்டார் ஓடிய பிறகு மறுபடி அளங்கள். 48,000 லிட்டர் குளத்தில் 2 பிபிஎம் ஏற வேண்டும். 1தான் ஏறியது என்றால் சரக்குப் பாதி செத்தது; ஊற்றும் அளவை இரட்டிப்பாக்குங்கள், அடுத்த முறை குறைவாக, அடிக்கடி வாங்குங்கள். கேனை நிழலிலும் காற்றோட்டத்திலும் வையுங்கள்.

ப்ளீச்சிங் பவுடர் மலிவு. ஆனால் மிச்சமெல்லாம் சுண்ணாம்பு. ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும் போர் தண்ணீரில் அது கலங்கலையும் படிவையும் கூட்டும். வேறு வழியே இல்லை என்றால் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. டிசிசிஏ தூளும் ப்ளீச்சிங் பவுடரும் கால்சியம் ஹைப்போவும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கும். டிசிசிஏவோடு மற்ற இரண்டில் எது சேர்ந்தாலும், அதுவும் கொஞ்சம் ஈரம் பட்டால், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே மக்கில் அள்ளக் கூடாது, ஒரு மிதவையில் மாற்றி மாற்றிப் போடக் கூடாது, ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. பி.எச்.சை இறக்க ஊற்றும் ஆசிடும் எந்தக் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு வரும். ஒன்றை ஊற்றிக் கலந்த பிறகுதான், வேறு பாத்திரத்தில், மற்றதை எடுக்க வேண்டும்.

படி 6: ஊற்றும் நேரம்

காலை ஒன்பது மணிக்கு ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சூரியன் மறைந்த பிறகு ஊற்றினால் அந்தக் குளோரினுக்கு முழுதாக ஒரு இரவு கிடைக்கிறது. அன்றைக்குக் குளித்தவர்கள் விட்டுச்சென்றதையெல்லாம் வெயிலோடு பங்கு போடாமல் தீர்த்துவிடும். மோட்டார் ஓடும்போது திரும்பு குழாய்க்கு எதிரே மெதுவாக ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

சாயங்காலம் அளக்கும்போது 2க்குக் கீழே போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 4க்கு ஏற்றி விட்டுவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் 2க்குக் கீழே இறங்கினால் மேலே 6, 7 என்று ஏற்றுவதைவிட, காலையில் குளித்து முடித்த பிறகு 1 பிபிஎம் அளவுக்கு இன்னொரு சிறு ஊற்று ஊற்றுவது மேல்.

உப்பு நீரிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்திருப்பவர்கள், கருவியோடு வந்த புத்தகத்தில் சயனூரிக் ஆசிட் அளவு கூடுதலாக, பெரும்பாலும் 60 முதல் 80 என்று இருப்பதைக் கவனியுங்கள். அப்போது குறைந்தபட்சக் குளோரினும் அதற்கேற்ப 5, 6 ஆகிறது.

பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவே இருக்கட்டும். போர் தண்ணீர்க் குளங்களில் அது மேலேதான் ஏறும். அதை இறக்க ஆசிடை வாளித் தண்ணீரில் விட்டு நீர்க்கவைத்து ஊற்றுங்கள். ஆசிடுக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது.

படி 7: நிழல்

நீல நிறக் குமிழ் ஷீட்டை மேலை நாடுகளில் குளத்தைச் சூடாக வைக்க விரிக்கிறார்கள். இங்கே அது வேண்டாம். தண்ணீர் வெந்நீராகி பாசிக்குத்தான் விருந்து. நாற்றுப் பண்ணைகளில் கட்டும் 75 சதவீதப் பச்சை நிழல்வலை நல்ல மாற்று. ஆள் உயரத்துக்கு மேலே கம்பிச் சட்டத்தில் கட்டினால் வெயிலும் மட்டுப்படும், காற்றும் ஓடும், இலையும் விழாது. தண்ணீர் மேல் நேராக மிதக்கவிடும் எந்த விரிப்பும் குழந்தைக்கு ஆபத்து. மேலே காலை வைத்தால் உள்ளே சிக்கிக்கொள்ளும். அப்படி ஒன்று இருந்தால் வேலியும் பூட்டும் கட்டாயம். அதிகக் குளோரின் போடும் நாட்களில் எந்த மூடியானாலும் எடுத்துவிடுங்கள், செயலிழந்த குளோரின் உடைந்து வெளியேற வெயிலும் காற்றும் உதவும்.

படி 8: மழையை வைத்துக் குறைப்பது

சயனூரிக் ஆசிட் 100 தாண்டிவிட்டால் தண்ணீரை மாற்றுவதுதான் நடைமுறை வழி. பாதித் தண்ணீரை மாற்றினால் அளவு பாதியாகும். ஆனால் கடற்கரையோர வீடுகளில், நிலத்தடி நீர் மேலே இருக்கும் மாதங்களில், குளத்தை முழுதாகக் காலி செய்யவே கூடாது. உள்ளே எடை இல்லாதபோது கீழிருந்து வரும் நீர் அழுத்தம் தொட்டியையே மேலே தூக்கும், தரை வெடிக்கும். ஒவ்வொரு அடியாக இறக்கி நிரப்புங்கள்.

சென்னை, செங்கல்பட்டுப் பக்கத்தில் இதற்கு நல்ல காலம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை அங்கே சுமார் 800 மில்லிமீட்டர் பெய்யும். 5 அடி சராசரி ஆழமுள்ள குளத்தில் ஒவ்வொரு 100 மில்லிமீட்டரும் சயனூரிக் ஆசிடை ஏறக்குறைய 6 சதவீதம் கரைத்து வெளியே தள்ளும். மழை தொடங்குமுன் ஓர் அடி இறக்கிவைத்தால் மாற்றும் தண்ணீர் செலவில்லாமல் வானத்திலிருந்து வரும். இதன் மறுபக்கம், சயனூரிக் ஆசிட் சரியாக 30 இருந்த குளம் தை மாதத்தில் 18 அல்லது 20 பிபிஎம்முக்கு இறங்கியிருக்கும். மாசியில் வெயில் ஏறத் தொடங்குமுன் மறுபடி அளந்து, குறைந்ததைச் சேர்த்துவிட வேண்டும்.

குளத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு

பல வீடுகளில் தினமும் ஊற்றுவது வீட்டுக்காரர் அல்ல, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான். அவரிடம் பிபிஎம் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அரை லிட்டருக்கு ஒரு கோடு, ஒரு லிட்டருக்கு ஒரு கோடு போட்ட பிளாஸ்டிக் மக், ஹைப்போவுக்கு மட்டும் என்று தனியாக ஒன்று. கிட்டில் சிவப்பு எந்தக் கட்டத்தில் இருந்தால் எந்தக் கோடு வரைக்கும் என்று மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். தேதி, சாயங்கால அளவு, ஊற்றிய அளவு மூன்றையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள், காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று ஊற்றச் சொல்லிக்கொடுங்கள். சயனூரிக் ஆசிட் டெஸ்டை மட்டும் மாதம் ஒருமுறை நீங்களே செய்து, அதே நோட்டில் எழுதுங்கள்.